கிராலர் எந்தப் பக்கத்துக்கு முதலில் வரும்? மாட்டுங்கா முதல் செம்பூர் வரை கேட்கப்பட்ட கேள்விகள்

மும்பையில் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் பக்கம் உள்ள தமிழ்க் கடைக்காரர்களுக்கு இணையதளம் அமைத்துப் பராமரித்துத் தருவது என் பிழைப்பு. பூக்கடை, சமையல் காண்டிராக்ட், முறுக்கு வியாபாரம், பஞ்சாங்கம் என்று தொழில் ஆளுக்கு ஒன்று. தொலைபேசியில் வரும் சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே: "பக்கம் போட்டுப் பத்து நாள் ஆகிறது, கூகுளில் ஏன் வரவில்லை?" சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட தோரணையிலேயே விட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பி நிற்பவை.

கிராலர், கிராலர் என்கிறாயே தம்பி, அது ஆளா, மெஷினா?

ஒரு நிரல். ஒரு முகவரியைக் கொடுத்தால், உங்கள் தளம் இருக்கும் கணினியான சர்வரிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கும். வாங்கிய பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பொறுக்கி எடுத்து, இதுவரை பார்க்காதவற்றைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கும். பிறகு பட்டியலிலிருந்து அடுத்த முகவரியை எடுக்கும். கூகுளின் கிராலருக்குக் கூகுள்பாட் என்று பெயர், மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் கிராலருக்குப் பிங்பாட். "வருகிறது", "போகிறது" என்று நாம் சொல்வதெல்லாம் பேச்சு வழக்குதான். அது இருந்த இடத்திலிருந்தே கேட்கிறது.

வேலை இவ்வளவுதான். பட்டியலில் இருப்பவற்றில் அடுத்து எதை எடுப்பது என்ற ஒரே இடத்தில்தான் சூட்சுமம் முழுவதும் ஒளிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டியதுதானே? கூகுளிடம் இல்லாத பணமா?

2008இல் கூகுள் தனக்குத் தெரிந்த தனித்தனி முகவரிகள் 1 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. அவற்றில் எல்லாவற்றையும் தேடல் பட்டியலில் வைப்பதில்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டது. ஒரு பக்கத்தைப் படித்தால் அதிலிருந்து பத்துப் புது முகவரிகள் முளைக்கின்றன. பட்டியல் கரைவதை விட வேகமாக வளர்கிறது.

பணத்தால் தீராத இன்னும் இரண்டு தடைகள் உண்டு. உங்கள் சர்வர் ஒரு நொடிக்கு எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லும் என்பது கூகுளின் கையில் இல்லை. அதோடு, பார்த்து முடித்த பக்கம் அப்படியே இருப்பதில்லை. நாளைக்கே மாறிவிடலாம், மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

பார்க்காத பக்கம் நல்ல பக்கமா என்று பார்க்காமலே எப்படிச் சொல்லும்? இது ஜோசியம் இல்லையா?

ஜோசியம்தான். ஆனால் ஜாதகம் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் ஜோசியம். அந்தப் பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள், அவர்கள் எப்படிப்பட்டவர்கள், இணைப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது, அதே தளத்தின் மற்றப் பக்கங்கள் இதுவரை எப்படி இருந்தன என்பதெல்லாம் பக்கத்தைத் திறக்காமலே தெரியும். 1998இல் ஸ்டான்ஃபோர்டில் ஜுங்ஹூ சோ, ஹெக்டர் கார்சியா-மோலினா, லாரி பேஜ் மூவரும் இதைத்தான் சோதித்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் சொந்தப் பக்கங்களையே எடுத்துக்கொண்டு, எந்த வரிசையில் போனால் முக்கியமான பக்கங்கள் சீக்கிரம் கைக்கு வருகின்றன என்று பார்த்தார்கள். பக்கத்தைச் சுட்டுபவர்களின் எண்ணிக்கையோடு தகுதியையும் சேர்த்து எடைபோடும் பேஜ்ரேங்க் வரிசை நன்றாக வேலை செய்தது.

கணக்கே போடாமல், கண்டெடுத்த வரிசையிலேயே போனால்? 2001இல் மார்க் நஜோர்க், ஜேனட் வீனர் இருவரும் 32.8 கோடிப் பக்கங்களை அப்படித்தான் இறக்கினார்கள். முக்கியமான பக்கங்கள் தாமாகவே முன்னால் வந்து விழுந்தன. காரணம் எளிது: நாலு பேர் சுட்டும் பக்கம் எந்தப் பாதையில் கிளம்பினாலும் இரண்டு மூன்று எட்டில் எதிர்ப்பட்டுவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது முறை. 2003இல் செர்ஜ் அபித்தபூலும் சகாக்களும் சொன்னது. கல்யாண வீட்டு மொய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எல்லாப் பக்கங்களின் கையிலும் சம அளவு பணம். கிராலர் ஒரு பக்கத்தைப் பார்த்ததும், அந்தப் பக்கம் தன் கையிருப்பு முழுவதையும் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பிரித்து மொய் எழுதிவிட்டு வெறுங்கையோடு நிற்கும். அடுத்து யாரைப் பார்ப்பது? எவர் மடியில் அதிகம் சேர்ந்திருக்கிறதோ அவரை. உலகத்து இணைப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் குவித்துக் கணக்குப் போடத் தேவையில்லை. போகிற போக்கிலேயே கணக்கு நேராகிவிடுகிறது. உங்கள் புதுப் பக்கத்துக்கு ஒருவரும் மொய் எழுதவில்லை என்றால் அது பந்திக்குக் கூப்பிடப்படாமல் மண்டபத்து வாசலிலேயே நிற்கும்.

அப்படியானால் பெரிய தளங்களிலேயே பழியாகக் கிடக்காதா? எங்களுக்கெல்லாம் முறை எப்போது வரும்?

கிடக்க முடியாதபடி ஒரு கட்டு இருக்கிறது. 1999இல் வெளிவந்த மெர்க்கேட்டர் என்ற கிராலரின் அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். அதில் இரண்டு அடுக்கு வரிசைகள். முன் அடுக்கில் முகவரிகள் முக்கியத்துவப்படி பிரிந்து நிற்கும். பின் அடுக்கில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி வரிசை. ஒரு தளத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தால், அதற்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ அதைப்போல் பத்து மடங்கு நேரம் அந்தத் தளத்தைத் தொடுவதில்லை. அந்த இடைவெளியில் மற்றவர்களின் வரிசை நகரும்.

இதை மரியாதை என்றே அந்தத் துறையில் சொல்கிறார்கள். மரியாதை இல்லாத கிராலர் ஒன்று நடுராத்திரியில் ஒரு சின்ன சர்வரைக் குடைந்து எடுத்ததை ஒருமுறை பார்த்தவர்கள், அந்தச் சொல்லை வெறும் சம்பிரதாயமாக நினைக்க மாட்டார்கள்.

செய்தித் தளத்துக்கு நிமிடத்துக்கு நிமிடம் ஓடுகிறது, என் முறுக்குக் கடைக்கு மாதம் ஒரு தடவை. இது என்ன நியாயம், அண்ணா?

தாராவி 90 அடி சாலையிலிருந்து வந்த கேள்வி. கோபம் நியாயமானது, ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் வழக்கமான எண்ணம்: அடிக்கடி மாறும் பக்கத்துக்கு அடிக்கடி போக வேண்டும், அரிதாக மாறும் பக்கத்துக்கு அரிதாகப் போனால் போதும். மேலே சொன்ன சோவும் கார்சியா-மோலினாவும் 2000ஆம் ஆண்டுவாக்கில் இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மாறும் வேகத்துக்கு ஏற்ற விகிதத்தில் போவதை விட, எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே மாதிரி போவதே கிராலரின் கையில் இருக்கும் பிரதிகளைச் சராசரியாகப் புதிதாக வைத்திருக்கிறது! நொடிக்கு நொடி எண் மாறும் தங்க விலைப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிரதி எடுத்துத் திரும்புவதற்குள் அது பழசு. ஆயிரம் முறை போனாலும் ஆயிரம் முறையும் பழசு. அந்த நேரத்தை வாரத்துக்கு ஒருமுறை மாறும் பத்துப் பக்கங்களுக்குக் கொடுத்தால் பத்தும் புதிதாக இருக்கும். நடுத்தர வேகத்தில் மாறும் பக்கங்களுக்கே அந்தக் கணக்கில் லாபம் அதிகம்.

பிறகு ஏன் செய்தித் தளத்துக்கு ஓடுகிறது? அங்கே தேவை என்ற இன்னொரு எடை சேர்கிறது. தேடுகிறவர்கள் கோடிக்கணக்கில் அந்தப் பக்கத்தைக் கேட்கிறார்கள். பழைய பிரதியைக் காட்டினால் தேடுபொறிக்கு அவமானம். உங்கள் விலைப்பட்டியல் நான்கு முறை வந்து பார்த்தும் மாறாமல் இருந்ததால், ஐந்தாவது முறைக்கு இடைவெளியை நீட்டிவிட்டது. உள்ளபடி மாறத் தொடங்கினால் இடைவெளி சுருங்கும்.

அப்படியென்றால் பக்கத்தின் அடியில் தேதியை மட்டும் தினமும் மாற்றிவிடட்டுமா?

வேண்டாம். தேதி மாறியும் உள்ளடக்கம் அப்படியே இருப்பதைக் கண்டுபிடிக்க அதற்குச் சிரமமே இல்லை. அதன்பிறகு நீங்கள் சொல்லும் தேதியை அது நம்பாது, அடுத்த கேள்வியில் அதன் விலை தெரியும். செய்ய வேண்டியது ஒன்று உண்டு: பக்கம் மாறவில்லை என்றால் 304 என்று பதில் சொல்லும்படி சர்வரை அமைத்துக்கொள்ளுங்கள். "போன தடவை பார்த்ததுதான், எடுத்துப்போக ஒன்றுமில்லை" என்று அதற்குப் பொருள். இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

சைட்மேப்பில் எல்லாப் பக்கத்துக்கும் முன்னுரிமை 1.0 என்று போட்டுவிட்டேன். போதாதா?

வகுப்பில் எல்லோருக்கும் முதல் ரேங்க் கொடுத்ததற்குச் சமம். சைட்மேப் என்பது "என்னிடம் உள்ள பக்கங்கள் இவை" என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் பட்டியல். 2005இல் கூகுள் தொடங்கியது, 2006இல் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை போடலாம். முன்னுரிமை என்ற கட்டத்தையும், எவ்வளவு அடிக்கடி மாறும் என்ற கட்டத்தையும் கூகுள் பார்ப்பதே இல்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியாக மாறிய தேதியை மட்டும் பார்க்கிறார்கள், அதுவும் அந்தத் தேதி தொடர்ந்து உண்மையாக இருந்தால். தினமும் தேதியை மாற்றி விளையாடியவர்களுக்கு இருக்கிற ஒரே சாவியும் இங்கேதான் தொலைகிறது.

ரோபோட்ஸ் கோப்பில் "வராதே" என்று எழுதினால் கூகுளிலிருந்து பக்கம் மறைந்துவிடுமா?

மறையாது. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இதுதான். ரோபோட்ஸ் கோப்பு என்பது எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று கிராலர்களுக்காகத் தளத்தில் வைக்கும் குறிப்பு. 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த வழக்கம் இது. 2022இல்தான் முறையான இணையத் தரமாக வெளியானது. அது "உள்ளே வந்து படிக்காதே" என்று மட்டும் சொல்கிறது. வெளியிலிருந்து யாராவது அந்தப் பக்கத்தைச் சுட்டினால், படிக்காமலேயே முகவரியை மட்டும் தேடல் முடிவில் காட்டலாம். பட்டியலில் சேர்க்காதே என்ற குறிப்பைப் பக்கத்துக்குள்ளே எழுத வேண்டும். அந்தக் குறிப்பைப் படிக்கக் கிராலரை உள்ளே விட்டாக வேண்டும். கதவையும் பூட்டிவிட்டு, உள்சுவரில் அறிவிப்பையும் ஒட்டினால் யார் படிப்பது?

இத்தனை நொடிக்கு ஒருமுறைதான் வர வேண்டும் என்று அதே கோப்பில் சிலர் எழுதுகிறார்கள். பிங் மதிக்கிறது, கூகுள் மதிப்பதில்லை.

என் பஞ்சாங்கத் தளத்துக்கு ஒரு நாளில் ஆயிரம் தடவை வருகிறது, ஆனால் புதிதாக எழுதிய கட்டுரை ஒன்றையும் தொடவில்லையே?

கேட்டவர் செம்பூரில் இருக்கும் ஒரு சாஸ்திரிகள். சர்வர் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். வரிக்கு வரி ஒரு நேரம், ஒரு முகவரி, ஒரு பதில் எண். எல்லாவற்றுக்கும் 200, அதாவது பக்கம் சரியாகக் கிடைத்தது. முகவரிகளை உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது: கிராலர் 2147ஆம் ஆண்டின் ஒரு செவ்வாய்க்கிழமைக்கான ராகு காலத்தைப் படித்துக்கொண்டிருந்தது. அடுத்த வரியில் மறுநாள் புதன். அதற்கடுத்து வியாழன்.

ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் "அடுத்த நாள்" என்று ஓர் இணைப்பு. நிரலுக்கு நாள் முடிகிற இடமே இல்லை. கேட்டால் கேட்ட நாளுக்குப் பக்கம் செய்து கொடுத்துக்கொண்டே இருக்கும். சிலந்திப் பொறி என்று இதைச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 மணி முதல் 4.30 வரை என்பது 2147இலும் மாறப்போவதில்லை. அந்தப் பக்கங்களில் கிராலருக்குக் கிடைத்த புதுச் செய்தி ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தளத்துக்கென்று அது ஒதுக்கிய நேரம் முழுவதும் அங்கேயே கரைந்துவிட்டது.

இரண்டு ஆண்டுக்கு மேல் "அடுத்த நாள்" இணைப்பு தோன்றாதபடி மாற்றினேன். எல்லை தாண்டிய முகவரிகளுக்கு 404, அதாவது "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்ற பதிலைக் கொடுக்கச் செய்தேன். சாஸ்திரிகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். காலத்துக்கு முடிவு கட்ட நீ யார் என்று கேட்டார்.

ஒரே கைமுறுக்கு விலை வாரியாக, எடை வாரியாக, புதியது முதலில் என்று பல விதமாகத் தெரிகிறதே, அதனால் கெடுதலா?

மேலே சொன்ன பொறியின் தம்பி இது. வரிசை மாற்றும் ஒவ்வொரு பொத்தானும் ஒரு புது முகவரியை உண்டாக்கினால், பத்துப் பொருள் ஆயிரம் முகவரியாகிவிடும். ஒன்று, எது அசல் என்று பக்கத்துக்குள் குறிப்பிடுங்கள்; அல்லது வரிசை மாற்றும் முகவரிகளை ரோபோட்ஸ் கோப்பில் மறித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. கிராலர் ஒரு தளத்துக்கு ஒதுக்கும் நேரம் என்ற இந்தப் பேச்சு, சில ஆயிரம் பக்கங்களுக்குள் இருக்கும் தளங்களுக்குப் பொதுவாகக் கவலையே இல்லை என்று கூகுள் 2017இல் எழுதியிருக்கிறது. நாற்பது பக்கத் தளத்துக்கு இதைச் சரிசெய்வதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மே மாதம் ஊருக்குப் போகிறோம். அதுவரை தளத்தை மூடி வைக்கலாமா?

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கடைக்காரர் இரண்டு வாரம் திருநெல்வேலி போனபோது, எந்த முகவரியைக் கேட்டாலும் "கடை விடுமுறை" என்ற ஒரே பக்கம் வரும்படி செய்துவிட்டேன், 200 என்ற எண்ணோடு. கிராலர் அதை நம்பியது. அதிரசம், சீடை, தட்டை எல்லாப் பக்கமும் ஒரே வாசகமாக இருப்பதைப் பார்த்து, இவையெல்லாம் ஒன்றின் நகல்கள் என்று முடிவு கட்டிவிட்டது. அவர் ஊரிலிருந்து திரும்பி வந்தும் தேடலில் சீடை திரும்பி வரப் பல வாரங்கள் பிடித்தன.

ஓரிரு நாள் பழுதுபார்ப்பு என்றால் 503 கொடுக்க வேண்டும்: "இப்போது முடியவில்லை, பிறகு வா" என்று பொருள். "கேள்விகள் அளவுக்கு மீறிவிட்டன" என்று சொல்லும் 429க்கும் கிராலர் வேகத்தைக் குறைக்கும். நாள்கணக்கில் 503 நீடித்தால் பக்கங்களைப் பட்டியலிலிருந்தே எடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே நீண்ட விடுமுறைக்குப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒரு வரி அறிவிப்புப் போடுங்கள், போதும்.

முகவரியைத் தமிழிலேயே வைத்தால் கிராலர் பின்னால் தள்ளுமா?

தள்ளாது. தொல்லை வேறு இடத்தில். கணினி தமிழின் ஒவ்வொரு குறியீட்டையும் மூன்று பைட்டாக வைக்கிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துக்குறியாக விரியும். "மல்லி" நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு புள்ளியும் கொக்கியும் சேர்ந்து ஐந்து குறியீடு, முகவரியில் 45 எழுத்துக்குறி. வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அந்த நீள வாலைப் பார்த்துப் பயந்து பாதியில் வெட்டி அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். வெட்டுப்பட்ட இணைப்பு 404இல் போய் முட்டும், உங்களுக்கு வர வேண்டிய மொய் வராமல் போகும்.

மாமா, தமிழ்ப் பக்கங்களை மட்டும் திரட்டும் கிராலர் எழுத வேண்டும், கல்லூரி புராஜெக்ட். எதை முதலில் பார்க்கச் சொல்வது?

உன் ஊரிலேயே ஆள் இருக்கிறார். ஐஐடி பம்பாயின் சௌமேன் சக்கரவர்த்தி 1999இல் இருவரோடு சேர்ந்து குறிவைத்த கிராலர் என்ற கருத்தை எழுதினார். ஒரு பொருளைப் பற்றிய பக்கம், பெரும்பாலும் அதே பொருளைப் பற்றிய பக்கங்களையே சுட்டும் என்பது அதன் அடிப்படை. தமிழ்ப் பக்கத்திலிருந்து கிளம்பும் இணைப்புக்கு அதிக மதிப்பெண் கொடு, மற்றதற்குக் குறைவாகக் கொடு.

குறைவாகக் கொடு என்றேன், பூஜ்யம் என்று சொல்லவில்லை. மும்பைத் தமிழர் அமைப்பு ஒன்றின் தளத்துக்கு வழி, மராத்தியிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒரு கோயில் பட்டியல் வழியாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று எட்டு வேற்றுமொழிப் பக்கங்களைக் கடந்து போகப் பொறுமை வேண்டும். இன்னொன்று, யூனிகோட் பரவுவதற்கு முந்திய தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டேப் போன்ற குறியேற்றங்களில், அதாவது எழுத்தை எண்ணாக வைக்கும் பழைய முறைகளில் இருக்கும். மொழி கண்டறியும் கருவி அவற்றைக் குப்பை என்று தள்ளிவிடும். நல்ல பழைய தமிழ் அந்தக் குப்பையில்தான் கிடக்கிறது.

புதுப்புதுப் பெயரில் எல்லாம் வருகிறதே, கூகுள் என்று சொல்லிக்கொண்டு வருவதெல்லாம் கூகுள்தானா?

பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். வந்த கணினியின் இணைய முகவரியான ஐபி எண்ணிலிருந்து பெயரைத் தேடி, அந்தப் பெயரிலிருந்து மறுபடி எண்ணைத் தேடிப் பாருங்கள். இரண்டும் பொருந்தி, பெயர் கூகுளுக்குச் சொந்தமானதாகவும் இருந்தால் அசல்.

புதியவர்களில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயின் கிராலரான ஜிபிடிபாட் 2023இல் அறிவிக்கப்பட்டது. காமன் கிரால் அதைவிட மூத்தது, இணையப் பக்கங்களைத் திரட்டி எல்லோருக்கும் திறந்து வைக்கும், 2007இல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. எந்தத் தளத்தை அதிகம் எடுப்பது என்பதற்கு, மற்றத் தளங்களிலிருந்து அது எத்தனை எட்டில் இருக்கிறது என்ற நெருக்கக் கணக்கைப் பயன்படுத்துகிறது. மொய்க் கணக்கின் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதையெல்லாம் கேட்டாயிற்று. புதுப் பக்கத்தை நாளைக்கே பார்க்க வைக்க என்னதான் வழி?

முகப்புப் பக்கத்திலிருந்து நேரடி இணைப்பு கொடுங்கள். தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் நடத்தும் சர்ச் கன்சோலில் அந்த ஒரு முகவரிக்கு விண்ணப்பம் போடுங்கள். பிங்குக்கும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸுக்கும் 2021இல் வந்த இண்டெக்ஸ்நவ் என்ற முறை வழியாக நீங்களே தகவல் அனுப்பலாம். தெரிந்தவர்களின் தளத்திலிருந்து ஓர் இணைப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. வந்து பார்ப்பது வேறு, தேடலில் முதலில் காட்டுவது வேறு என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை.

மாட்டுங்காவில் பூக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் வரலட்சுமி நோன்புக்கென்று ஒரு பக்கம் போடச் சொன்னார். அவசரத்தில் அதன் இணைப்பை "எங்களைப் பற்றி" பக்கத்தின் அடியில் வைத்துவிட்டேன். பதினொரு நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வியாழன் இரவு இணைப்பை முகப்பில், தாழம்பூப் படத்துக்குக் கீழே கொண்டுவந்து வைத்தேன். சனிக்கிழமை விடியற்காலை 4.12க்குப் பதிவேட்டில் அந்த முகவரி விழுந்தது. அந்த நேரத்தில் அந்த அம்மா தாதர் பூச்சந்தையில் மல்லிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நோன்புக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.